ஃபோர்த் மொழியும் ஜெயபுஷ்பமும்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய அறை ஒன்றே ஒன்றுதான்... கம்ப்யூட்டர் ரூம். 1986 ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்து, தோல் தரம் பிரிக்கும் கிடங்கின் கிளார்க் ஜெயபுஷ்பம் அதற்குள் செருப்போடு ஓடி வந்துவிட்டாள்.

"ஏங்க... செருப்ப வெளிய விடுங்க," என்றான் திரையின் முன் உட்கார்ந்திருந்தவன், திரும்பாமலே.

"இன்னா சார், ஷூ கம்பெனில செருப்புக்கே எடமில்லயா?"

அவன் திரும்பினான். மெட்ராஸிலிருந்து வந்திருந்த புரோகிராமர் தணிகைவேல். தூக்கம் கெட்ட கண்கள்... ஆனாலும் என்ன வெளிச்சம் அவற்றில்! அடுத்து சொல்ல வந்தது அவளுக்கு மறந்தே போனது.

சமாளித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். வேலூரில் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தவள்தான், இதில் ஒரு வரியும் புரியவில்லை.

"இது ஃபோர்த். இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாத கம்ப்யூட்டர் மொழி. நாம புது வார்த்தை சொல்லிக் குடுத்தா கத்துக்கும். ஓட்டை நெறய இருக்கற தோல எப்டி சொல்வீங்க?"

"ஓட்டை ஜாஸ்தின்னு."

'ஜாஸ்தி' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, அதற்கு இரண்டு வரியில் அர்த்தம் சொல்லிக் கொடுத்தான். மறுபடி ஜாஸ்தி என்று தட்டியதும்... காலையில் வந்த சரக்கில் ஓட்டை அதிகமுள்ள தோல்கள் எல்லாம் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கிடங்கில் தோல் பிரிக்கும் அன்வரி பேகம் வெற்றிலையோடு மெல்லும் சொல், இந்தப் பெட்டிக்குள் போய் வேலை செய்கிறதே... ஆண்டவரே!

அன்று முதல் ஏதோ ஒரு சாக்கில் தினமும் வந்தாள். அவனும் தினமும் காத்திருந்தான்.

மார்கழியில் மேனேஜர் வாஹித் பாஷா சொல்லிவிட்டார். "தம்பி, இது உனக்கு மட்டும்தான் தெரியுது. நீ லீவு போட்டா கம்பெனியே பேஜார். பேசிக்குக்கு மாத்திடலாம்."

"ஃபோர்த் இல்லன்னா நானும் இல்ல சார். மெட்ராஸ் போய்ட்றேன்," என்றான் தணிகைவேல், வெடுக்கென்று.

சரக்குச் சீட்டோடு வாசலில் நின்ற ஜெயபுஷ்பம் அதைக் கேட்டாள். போய்விடுவானா... இந்தக் கண்களை இனி பார்க்கவே முடியாதா?

"எங்க கெடங்கு ஆளுங்களுக்குக் கத்துக் குடுங்க சார்," என்றாள் அவனிடம். "தப்பா தட்டினா மெஷின் வெறும் கேள்விக்குறி போடுது. பயந்து போய்ட்றாங்க."

"நல்ல மொழி தானா பரவும்."

"தானா பரவ அது இன்னா மெட்ராஸ் ஐ கண்ணு நோவா?"

"ஆறு மாசம் பேசிக் படிச்சவங்க எனக்குச் சொல்ல வேணாம்."

அவள் முகம் சுண்டிப்போனது. அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு மழை நாளில் அவனே கிடங்கு வாசலில் வந்து நின்றான். தலை சொட்டச் சொட்ட, தோல் நாற்றத்தில் மூக்கைச் சுளிக்காமல்.

"கேள்விக்குறிக்குப் பதிலா இன்னா போடட்டும்... சொல்லுங்க."

கோபம் எங்கே போனதோ. "'இது எனக்குத் தெரியல, சொல்லிக் குடுங்க'ன்னு போடுங்க," என்றாள் மெதுவாக.

அந்த வாரம் மத்தியானங்களில் கிடங்குப் பெண்கள் அந்த அறையில் வெறுங்காலோடு நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவன் பொறுமையாகச் சொல்லித் தந்தான். அன்வரி பேகம் தப்பாகத் தட்டினாள். மெஷின் தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டது. அவள் குலுங்கிச் சிரித்தாள். "நம்மள மாதிரிதான் இதுவும்," என்று ஒரு விரலால் தன் சொந்த வார்த்தை ஒன்றை அதற்குக் கற்றுக்கொடுத்தாள்... அது கேட்டுக்கொண்டது. அறையே மூச்சடக்கிப் பார்த்தது.

வாஹித் பாஷாவும் பார்த்தார். "இருக்கட்டும்பா இது," என்றார். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வைத்திருந்த தோஸ்துக்கும் ஒரு பிளாப்பியில் போட்டுத் தரச் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு தணிகைவேல் அவள் பக்கம் திரும்பினான். "என் மொழிக்காக நீங்க இவ்ளோ சண்டை போட்டீங்களே..."

"மொழிக்காக இல்ல." அவள் தரையைப் பார்த்தாள். "அது போனா நீங்களும் போய்டுவீங்கன்னுதான்."

வெளியே மழை வலுத்தது.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா," என்றான், "பேசிக்லயே எழுதிட்டு இங்கயே இருந்திருப்பேனே... ஜெயா."