வீரகத்தியரின் கைவிசேடம்

“அப்பா மனசாரத் தந்தவர் எண்டால், எங்கட கண்ணுக்கு முன்னால தரட்டும் அக்கா! வாய்தானே போச்சு, கை இருக்குதெல்லோ?”

தம்பி கிருபனின் குரல் விசுவமடுச் சந்தி வரை கேட்டிருக்கும். வேலிக்கு அப்பால் குழாயடிக்கு வந்தவர்கள், வாளி நிரம்பி வழிந்தும் நகரவில்லை.

“அப்பாவுக்கு இப்ப நான்தான்டா கை. நொத்தாரிசுக்கு முன்னால எழுதித் தந்தவர்,” என்றாள் இராசேஸ்வரி.

எழுதித் தந்தது உண்மைதான். பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுவதற்குக் கொஞ்சம் முன்னர், வங்கியில் தனக்காகக் கையெழுத்திட்டுத் தன் வைத்தியத்தைப் பார்க்கும்படி வீரகத்தியர் மகளுக்கு அற்றோணித் தத்துவம் என்ற அதிகாரப் பத்திரம் கொடுத்திருந்தார். வைத்தியம் எண்ணெயோடு நின்றது. இராசேஸ்வரியின் மகன் அனோஜனுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. மகள் மேனுகாவுக்குக் கலியாண நகை வந்தது. எல்லாம் அம்மப்பாவின் அன்பளிப்பாம். நடமாடிய காலத்தில் பேரப்பிள்ளைக்கு ஒரு ஐஸ்பழம் வாங்கிக் கொடுக்காத மனிதர், படுத்த பிறகு பெரிய கொடையாளி ஆகிவிட்டார்.

“வழக்குப் போடுவன். உந்தக் கலியாணமும் நிண்டுபோம்!”

அதுதான் அவளைச் சுட்டது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்ன காசு இன்னும் கைமாறவில்லை.

“நாளைக்கு வருசப்பிறப்பு. மேனுகாவுக்கு அப்பா தன்ர கையாலயே கைவிசேடம் தருவார். எல்லாரும் வந்து பாருங்கோ!” என்றாள், வேலிக்கும் சேர்த்து.

வருசப்பிறப்பன்று பெரியவர் வெற்றிலையில் காசு வைத்துக் கொடுப்பதுதானே கைவிசேடம். செத்த கையில் கட்டுக் காசை வைத்து உருவிவிட்டால் கிருபனின் வாய் அடைத்துப்போகும்.

பொழுதுபட்டபோது ஒத்திகை பார்க்கத் தகப்பனின் அறைக்குள் போனாள். எண்ணெயும் மூத்திரமும் சேர்ந்து புளித்த மணம், சுழலாமல் முனகிக்கொண்டிருந்த மின்விசிறி, தெருவில் எவனோ அவசரப்பட்டுக் கொளுத்திய சீனவெடியின் எதிரொலி, அலுமாரியின் நிழல் கட்டிலில் ஏறிக் கிழவனின் நெஞ்சு வரை வந்து நின்ற விதம், இவற்றுக்கு நடுவே அந்த வலக்கை மட்டும் அவித்த பயத்தங்காய்போலத் துவண்டு கிடந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, ஒரு வெற்றிலையை வைத்து உருவினாள். வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை உருவினாள்.

பாதி இலைதான் வந்தது.

நரம்பு இழுத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அனோஜன் மேடுபள்ளமில்லாத தெருவில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்து, “ஆரோ கையைப் பிடிச்சு முறுக்கின மாதிரி இருந்ததம்மா,” என்றதும், ‘குடிச்சிருப்பாய்’ என்று அவள் கன்னத்தில் அறைந்ததும் நினைவுக்கு வந்தன. கிழவன் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். அவளைப் பார்க்கவேயில்லை.

மறுநாள் அறை நிறையச் சனம். கிருபன் கட்டில் தலைமாட்டில். பட்டுச்சேலையில் மேனுகா கையை நீட்டினாள்.

“பொறு பிள்ளை,” என்றாள் இராசேஸ்வரி. மகளின் விரல் அந்தக் கையில் படக்கூடாது என்று ஏனோ தோன்றியது. தானே வெற்றிலையையும் காசுக்கட்டையும் உள்ளங்கையில் வைத்தாள். தானே உருவப் போனாள்.

கை மூடியது.

காசில் அல்ல. அவளது மணிக்கட்டில்.

“விடுங்கோ அப்பா.” சிரிக்கப் பார்த்தாள். “நோகுது. விடுங்கோ.”

இறுகியது. வளையல்கள் நொறுங்கிச் சதைக்குள் போயின. காசு நனைந்தது. சிவப்பாக. கிருபன் பாய்ந்து கிழவனின் சின்னவிரலைப் பிடித்து நிமிர்த்தினான். முறிந்தது. மோதிரவிரலும் முறிந்தது. முறிந்த விரல்களும் இறுகின. பாக்குவெட்டியை நெம்புகோலாகச் செருகினான். அது வழுக்கி அவள் தோலை உரித்தது.

“அவர் தரேல்லை!” அலறினாள். “நான்தான் எடுத்தனான்! எல்லாம் நான்தான்! விடச் சொல்லடா!”

எல்லாரும் கேட்டார்கள். விடவில்லை.

எலும்பு நெரிந்தது. முதலில் ஒன்று. பிறகு ஒன்று.

அப்போதுதான் கிழவன் அவளைப் பார்த்தார். இடப்பக்க உதடு மட்டும் மேலே போயிற்று.

அன்றிரவு வீரகத்தியர் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் அவளது கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். கட்டு அவிழ்த்தபோது, வெட்டுக்கு மேலே ஐந்து விரலும் பதிந்த கன்றல் இருந்தது. இரத்தம் கட்டியிருக்குதாம். மாரி காலம் வர, அது முழங்கைக்கு ஏறியிருந்தது.

பேசிய மாப்பிள்ளை கழன்றுகொண்டான். மேனுகா அடுத்த ஆவணியில் நெளுக்குளத்துக் கண்ணாடிக் கடைக்காரன் ஒருவனைச் சீதனமில்லாமல் கட்டினாள். அனோஜன் கட்டாருக்குப் போனான். வீடு கிருபனுக்கு வந்தது. ஒரு கிழமை இருந்துவிட்டு, பெண்டில் பிள்ளைகளோடு முல்லைத்தீவுக்கு மாறிவிட்டான், ஏன் என்று கேட்டால் காணி சரியில்லை என்கிறான்.

இராசேஸ்வரி மகளோடு போய்விட்டாள். நெளுக்குளம் போன பஸ்ஸில், அந்தக் கொதி வெயிலிலும் சேலைத் தலைப்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு யன்னலோரம் இருந்தாள். காற்று தலைப்பை விலக்கியது. கழுத்தின் ஒரு பக்கம் நாலு நீலத் தடங்கள். மறுபக்கம் பெருவிரல்.

அந்த இடத்தில் தோல் மெல்ல உள்ளே குழிந்தது.