இரைச்சல் நீக்கிக்கு ஐந்து நட்சத்திரம்

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்த பிறகும் எதிர்வீட்டு நாயின் சத்தம் கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியே தபால்காரர் நிற்க, அது கம்பிகளுக்கிடையே மூக்கை நுழைத்து, கழுத்து விடைக்க, பல் தெரிய, உடம்பெல்லாம் குலுங்கக் குரைத்துக்கொண்டிருந்தது. தபால்காரர் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். ஜன்னலில் நின்றவனுக்கோ மின்விசிறியின் கிர்ரும், பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் விழும் சத்தமும், தன் மூச்சும்கூடத் துல்லியமாகக் கேட்டன. நாய் மட்டும் கேட்கவில்லை.

காது அடைத்துக்கொண்டதோ என்று விரலை விட்டு ஆட்டிப் பார்த்தான். வலித்ததுதான் மிச்சம்.

கருத்துச் சொல்வதே அவன் தொழில். எந்தக் குறிப்புச் செயலி உருப்படி, எந்த நாட்காட்டி குப்பை, எழுந்ததும் ஃபோனைத் தொடலாமா கூடாதா என்று வீட்டிலிருந்தே வீடியோ போட்டுப் பிழைப்பவன். அவன் பேச்சைக் கேட்டு விடிவதற்கு முன்பே எழுந்து பழகியவர்கள் எத்தனையோ பேர்; அவன் வெயில் ஏறாமல் எழுந்ததில்லை என்பது வேறு விஷயம். மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவள் திரும்பும்வரை, இன்னும் ஒரு வயது நிரம்பாத மகள் அவன் பொறுப்பு. நினைத்த நேரத்தில் ஆளைக் கூப்பிட்டு நிறுத்திக் கத்துவதால் குழந்தைக்கு அவன் வைத்த பட்டம் மேனேஜர்.

போன மாதம் ஒருநாள் மேனேஜர் அழுதழுது முகம் வீங்கிக் கிடக்க, அவன் ஹெட்ஃபோனும் காதுமாக எடிட்டிங்கில் மூழ்கியிருந்தபோது மனைவி வந்துவிட்டாள். அவள் சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, புள்ளையத் தூக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்," என்றாள். சொன்னால் செய்கிறவள். மகள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்றிலிருந்து ஒழுங்காகத்தான் இருந்தான், இந்த இரைச்சல் நீக்கி வரும்வரை. மற்ற செயலிகள் எல்லாச் சத்தத்தையும் சேர்த்து அமுக்கும். இது கேட்டுக் கேட்டு நீக்கியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் திரையில் ஒரு கேள்வி வரும்: இது தேவையா? 'தேவையில்லை' என்று தட்டினால் அது மட்டும் போய்விடும். நாய்க்குத் தட்டினான். மாடிவீட்டு டிரில்லுக்குத் தட்டினான். வாழ்க்கையில் இப்படியொரு நிம்மதியை அனுபவித்ததில்லை என்று கேமரா முன் மனதாரச் சொல்லி, ஐந்து நட்சத்திரமும் கொடுத்தான். வீடியோவின் கடைசி வரிக்கு வந்தபோது உள்ளறையில் மேனேஜர் சிணுங்க ஆரம்பித்தாள். கேள்வி வந்தது. ஒரே ஒரு வரிதானே, முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று தட்டினான்.

நாயைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, அதை மாற்றாமலே விட்டது இப்போதுதான் உறைத்தது.

உள்ளறைக்குப் போனான். மேனேஜர் தன் கட்டிலின் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். வாய் முழுக்கத் திறந்து, உள்நாக்கு துடிக்க, கண்ணீர் கழுத்துவரை வழிய. சத்தம் இல்லை. புளித்த பாலும் பவுடரும் கலந்து எப்போதும் மூக்கில் ஏறும் அந்த அறையில் சுவரின் சுண்ணாம்பு வாசனை மட்டும் இருந்தது.

ஓடிப்போய் எல்லாவற்றையும் 'தேவை' என்று மாற்றினான். செயலியையே அழித்தான். கணினியை அணைத்தான். திரும்பி வந்தான். அவள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். அப்படியே, சத்தமில்லாமல்.

பதற வேண்டிய நேரம். ஐயோ, நமக்கு ஏன் பதறவில்லை என்று நினைத்தான். அந்த நினைப்பும் யார் வீட்டிலோ நடக்கும் சண்டைபோலத் தள்ளி நின்றது.

தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். கனம் தெரியவில்லை. சட்டை நனைவது கண்ணுக்குத் தெரிந்தது, தோலுக்குத் தெரியவில்லை. கன்னத்தோடு கன்னம் வைத்தான். சூடும் இல்லை. நழுவ விட்டுவிடுவோமோ என்று கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கட்டிலில் இறக்கினான்.

தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். கண் எரிந்தது. இமைத்தான்.

கட்டிலில் யாரும் இல்லை.

விரிப்பு கசங்கியிருந்தது. கசங்கல் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

வெளியே பூட்டுத் திறந்தது. செருப்பு கழற்றும் சத்தம். பை வைக்கும் சத்தம். எல்லாம் நன்றாகக் கேட்டது.

"மேனேஜரம்மா என்ன சொல்றாங்க?" என்றபடி வந்த மனைவி வாசலிலேயே நின்றாள். "தொண்டையே கட்டிப்போச்சே. எவ்வளவு நேரமா அழறா?"

"இப்பதான். இப்பதான் ஆரம்பிச்சா."

"பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு என்ன பண்றீங்க?"

எனக்குக் கேட்கவில்லை, தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் அக்கா வீடு.

அவள் குனிந்து வெறும் காற்றை வாரி எடுத்தாள். தோளில் சாய்த்தாள். அதன் முதுகைத் தட்டினாள். "ஒன்னுமில்லடா, ஒன்னுமில்ல," என்றாள். அவனும் சிரித்த முகமாகத் தலையாட்டினான்.

"இந்தாங்க, பிடிங்க. லேப்ல இருந்து வந்த கையோட தூக்கிட்டேன். கழுவிட்டு வந்துடறேன்."

"நீயே கொஞ்ச நேரம் வச்சுக்கயேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பெத்த புள்ளையப் பிடிக்கறதுக்கும் யோசனையா?"

எழுந்தான். கைகளை நீட்டினான். எவ்வளவு உயரம்? தலை எந்தப் பக்கம்? அவள் முழங்கை மடிந்திருந்த விதத்தை வைத்துக் கணக்குப் போட்டான். இன்னும் ஓரடி நெருங்கினான்.

அவள் கையை எடுத்தாள்.

அவன் கைகளை மூடினான். கனமில்லை. சூடில்லை. இருக்கிறதா. இல்லையா. தெரிந்துகொள்ள அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் அவன் கைகளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.