நண்டை மட்டும் தொடாதவள்

மார்ச் மாதத்தில் யாராவது குடை எடுத்துக்கொண்டு பூசைக்குப் போவார்களா? ஆஷ்லினும் எடுக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து ஸ்கூட்டியில் வந்தவளைக் கடற்கரைக்கு இரண்டு தெரு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து, ஒதுங்க இடம் தேடியவள் கண்ணில் ஒரு ஓட்டல் பட்டது. வாசல் பலகையில் ‘சண்டே பிரஞ்ச்’ என்று, காலையும் மதியமும் சேர்த்த பஃபே விருந்துக்கு அழைப்பு எழுதியிருந்தது.

அவ்வளவுதான்... மழையை மறந்துவிட்டாள்!

மறக்காமல் என்ன செய்வாள்? அவள் பிழைப்பே அதுதான். வெளிநாட்டுக்கு குரூப் டூர் அழைத்துப் போகிற வேலை. ரெட்டியார்பாளையத்து மாமாக்களையும் முதலியார்பேட்டை அத்தைகளையும் பாங்காக், சிங்கப்பூர், பாரீஸ் என்று கூட்டிக்கொண்டு சுற்றுவாள். அவர்கள் எதைப் பார்க்காவிட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள். காலைச் சாப்பாடு சரியில்லையென்றால் மட்டும் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதனால் எந்த ஊரில் எந்த ஓட்டலில் பஃபே நன்றாயிருக்கும் என்று மோப்பம் பிடிப்பதில் ஆஷ்லின் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். பேர் பெற்ற ஓட்டலா என்று பார்க்க மாட்டாள். உள்ளூர்க் குடும்பங்கள் பிள்ளைகுட்டியோடு வருகிறார்களா, சுடச்சுடப் போட்டுத் தரும் இடத்தில் வரிசை நிற்கிறதா என்றுதான் பார்ப்பாள்.

இங்கே வரிசை நின்றது! உள்ளே போய், வழக்கம்போலத் தட்டில்லாமல் ஒரு சுற்று வந்தாள். ஒவ்வொரு மூடியாகத் திறந்து, முகர்ந்து, மூடி...

“மேடம், மழைக்கு ஒதுங்கினீங்களா, இல்ல செக்கிங்குக்கு வந்தீங்களா?”

திரும்பினாள். வெள்ளைக் கோட்டு, புருவத்தில் ஒட்டிய மாவு, அதற்குக் கீழே சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்... கோட்டில் வெற்றிச்செல்வன் என்று பெயர் தைத்திருந்தது. அந்த ஓட்டலின் செஃப்.

“மொத ரவுண்டு தட்டு எடுக்கக் கூடாது சார். எடுத்தா கண்ணுல பட்டதெல்லாம் அள்ளிப்போம். நல்லதுக்கு வயித்துல எடம் இருக்காது.”

“பார்றா! இத எங்க கத்துக்கினீங்க?”

“பாரீஸ்ல. முப்பத்திரண்டு பேர இட்டுக்கினு போயி.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஈரத் துப்பட்டாவோடு நின்றவளுக்குக் குப்பென்று வியர்த்தது. ‘ஐயோ மாதாவே... இதென்ன புதுசா?’

அந்தச் சந்தோஷம் பத்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. ஆப்பமும் கத்தரிக்காய் வதக்கலுமாக அவள் உட்கார்ந்தபோது, அவனே ஒரு கிண்ணத்தில் நண்டு மசாலா கொண்டுவந்து வைத்தான்.

“எங்க அம்மா பக்குவம். பாகூர்ல எங்க வூட்ல செய்யறது. விடிகாலையில தேங்காய்த்திட்டு ஹார்பருக்குப் போயி நானே பாத்துப் பாத்து வாங்கியாந்தேன்.”

“வேணாம் சார்.”

“ஒரே ஒரு வாய்?”

“வேணாம்னா வேணாம்.”

காரணம் இல்லாமல் இல்லை. அது தவக்காலம். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை ஆஷ்லின் வீட்டில் மீன், கறி என்று எந்தக் கவிச்சியும் கிடையாது, ஞாயிற்றுக்கும் விலக்கில்லை. அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நோன்பிருப்பதை நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தால் அது நோன்பே இல்லை என்று வருஷா வருஷம் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் கேட்டு ஊறியவள் அவள். வாயைத் திறப்பாளா?

வெற்றியின் முகம் சுண்டிப்போனது.

“ஓகோ... பாரீஸ் நாக்குல பாகூர் நண்டு எறங்காது போல.”

“உங்க இஷ்டத்துக்கு நெனச்சிக்குங்க!”

இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று வெடுக்கென்று எழுந்து போனாள். அடுத்த ஞாயிறு பார்த்தால் ஸ்கூட்டி அதே வாசலில் நின்றது. வேலை விஷயமாக வந்ததாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்கடுத்த ஞாயிறும் வேலை விஷயம்தான்!

“இன்னிக்கி எவ்ளோ மார்க்?”

“ஏழு.”

“போன வாரமும் ஏழுதான குடுத்தீங்க?”

“மூணு உங்க வாய்க்குக் கொறச்சிட்டேன்.”

சிரிப்பான். அவளுக்கென்று ஓரம் முறுகலாக ஆப்பம் ஊற்றித் தருவான். பாங்காக்கில் ஓட்டல் தேடி அலைந்த கதையெல்லாம் கேட்பான். கேட்டுக்கொண்டே இருக்கும்போது, வாராவாரம் அவன் கொண்டுவந்து வைத்து அவள் தொடாத நண்டுக் கிண்ணத்தில் அவன் பார்வை போய் விழும். உடனே முகம் சுண்டி, அடுப்புப் பக்கம் போய்விடுவான். அந்த நொடியை நினைத்து வாரம் முழுக்க ஆஷ்லினுக்குச் சாப்பாடு இறங்காது. பிடித்திருந்தது... அவனை ரொம்பவே பிடித்திருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று அவன் சிரிக்கவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு எதிரே நின்றான்.

“வெளிநாட்டு வேல... தோஹாவுல ஒரு பெரிய ஓட்டல்ல கூப்பிடறாங்க. நாளைக்கி பதில் சொல்லணும்.”

ஆஷ்லின் கையிலிருந்த ஆப்பத்தைத் தட்டில் போட்டாள்.

“ஊரே சாப்ட்டு நல்லாருக்குன்னுச்சி. நீங்க சொல்லல. அதான் எனக்கு மனசு ஆறல. ஒரு வாய் சாப்ட்டு உண்மையச் சொல்லுங்க. நல்லாருந்தா இங்கயே இருந்துடறேன். இல்லன்னா கெளம்பறேன்.”

“ஒரு வாரம்... ஒரே ஒரு வாரம் தள்ளிப் போட முடியாதா?”

“எதுக்கு?”

சொல்லிவிட்டால் அது நோன்பே இல்லையே! ஒரு வாய்தான். தின்றால் அவன் போக மாட்டான். அவள் கை கரண்டியை நோக்கி நகர்ந்தது... ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வரவும் அப்படியே பின்வாங்கியது. அதை அவன் பார்த்துவிட்டான்.

“புரிஞ்சிடுச்சிங்க,” என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டான்.

ஆஷ்லின் வாசல் வரை நடந்தாள். அடுத்த ஞாயிறு அந்த ஆப்ப அடுப்புக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பார்கள் என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது. ‘சாமியார் திட்டினா திட்டட்டும்!’ விறுவிறுவென்று திரும்பி, சமையலறைக் கதவைத் தள்ளினாள்.

“சார்! எனக்கு நோன்பு!”

அடுப்படியில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஈஸ்டர் வரைக்கும் கவிச்சி தொட மாட்டேன். வெளிய சொல்லிக்கக் கூடாதுன்னுதான் வாய மூடிக்கினு இருந்தேன்...”

வெற்றி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான்.

“அடக் கடவுளே! எங்க வூட்லயும் புரட்டாசி பூரா கவிச்சி கெடையாதுங்க. எனக்கா புரியாது? நாலு வாரமா உங்க நோன்ப கெடுக்கறதுக்கே நண்ட ஏந்திக்கினு வந்திருக்கேனே!”

“கவிச்சிய விட முடிஞ்சுது,” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ஞாயித்துக்கெழம ஆனா இங்க வர்றத விட முடியல. இதுக்கு மேல நான் எப்படிச் சொல்லுவேன்?”

அவன் காது மடல் வரை சிவந்துபோனான்.

“அப்ப... ஈஸ்டர் அன்னிக்கி சாப்ட்டு பாத்து சொல்லுங்க. நாளைக்கி அவங்ககிட்ட ஒரு வாரம் டைம் கேக்கறேன். நண்டு நல்லா இல்லன்னா...”

“நல்லா இல்லன்னாலும் போவாதீங்க, வெற்றி.”