முடக்கப்பட்டவர்கள்

பக்கத்து வீட்டு வயலின் டீச்சரின் வில் பாதி இழுப்பில் நின்றது. டீச்சர் தானாக நிறுத்தினால் கடைசியில் ஒரு தேய்வு இருக்கும், பின்னாலேயே ஒரு செருமல் வரும். இது கத்தரிக்கோலால் வெட்டியது போல் இருந்தது. குடியிருப்புச் சங்கச் செயலாளரம்மா மடிக்கணினியில் சங்க இணையதளத்தைத் திறந்து, டீச்சர் பெயருக்கு எதிரே ‘முடக்கு’ என்பதை அழுத்திய அதே நொடி.

செயலாளரம்மாவுக்குச் சிரிப்புதான் வந்தது. குடியிருப்பின் கேட், லிஃப்ட், வீட்டுப் பூட்டு எல்லாம் அந்த இணையதளத்துக்குக் கட்டுப்பட்டவை. இணையதளமோ அவளுக்குக் கட்டுப்பட்டது. கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர், படியில் செருப்பை விட்டவர், “உங்களுக்கு என்ன வயசு?” என்று வாய் தவறிக் கேட்டவள் என ஆறு வருடத்தில் முப்பத்தேழு பேரை முடக்கியிருந்தாள். டீச்சர் முப்பத்தெட்டு. முடங்கியவர்கள் மறுநாளே காலி செய்துவிடுவார்கள். சாமான் ஏற்றிய வண்டியைத்தான் யாரும் பார்த்ததில்லை. அதை விசாரிக்க அவளுக்கு எங்கே நேரம்? அடுத்த வீட்டுச் சண்டைக்குக் கதவில் காது வைக்கவே பகல் போதவில்லை.

முன்பெல்லாம் ஒருவரை முடக்கினால் ‘நிச்சயமா?’ என்று திரை கேட்கும். இன்னொரு தரம் அழுத்த வேண்டும். “என்னையே கேள்வி கேக்குதா இது?” என்று சத்தம் போட்டு, போன வாரம்தான் அதை எடுக்க வைத்தாள். கேள்வி போய்விட்டது. கைப்பழக்கம் போகவில்லை. விரல் இரண்டாவது தரமும் அழுத்திவிட்டது. அதற்குள் டீச்சரின் பெயர் மறைந்து, கீழே இருந்த பெயர் அந்த இடத்துக்கு ஏறி வந்திருந்தது.

உள்ளறையில் பரீட்சைக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்த மகளின் குரல் நின்றது.

“பாப்பா?”

மின்விசிறி சுற்றியது. நாற்காலியில் சூடு இருந்தது. புத்தகத்தின் தாள் ஒன்று இன்னும் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. கைபேசியின் சார்ஜர் ஒயர் விறைப்பாக இழுபட்டு, வெறும் சுவருக்குள் போயிருந்தது.

“ஏங்க, பாப்பா எங்கங்க?”

கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எந்தப் பாப்பா? யார் வீட்டுப் பாப்பா?”

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். ‘மீண்டும் இயக்கு’ என்றால், முடங்கியவரின் கைபேசிக்கு ஆறு இலக்க எண் போகும். அவர் சொல்ல, இவள் இரண்டு நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும். மூன்று தரம் தவறினால் கணக்கு ஒரேயடியாக அழிந்துவிடும். கெஞ்சி வருகிறவர்களைக் கழற்றிவிட அவளே போட்ட விதி.

அழுத்தினாள். சுவருக்குள் ‘டிங்’.

“அம்மா! ஒரே இருட்டும்மா. ஏதோ நம்பர் வந்திருக்கு.”

“சொல்லுடா கண்ணு. ஒவ்வொண்ணா சொல்லு.”

“நாலு… ஒம்பது…”

வயலின் ஒரு இழுப்பு இழுத்தது. பிறகு ஓர் ஆண் குரல். இரண்டாம் மாடி டிரைவர். முடக்கி நாலு வருடம் ஆகிறது. “சௌக்கியமா மேடம்? எழுதிக்கோங்க. ஏழு.”

“இல்லக்கா, ரெண்டு. நான் பாத்தேன்.”

“அஞ்சுங்க!”

அடித்தாள். தவறு.

மறுபடியும் எண் போனது. சுவர் முழுக்கச் சலசலப்பு. எண்கள். இருமல். சிரிப்பு. பழைய ஈரத் துணியின் நாற்றம்.

தவறு.

“பாப்பா, சத்தமா சொல்லுடி! இதுதான் கடைசி!”

“அம்மா, இவங்க எல்லாரும் என்னை மாதிரியே பேசிப் பாக்குறாங்கம்மா…”

டிங்.

சலசலப்பு அடங்கியது. இருமல் இல்லை. வயலின் இல்லை. இரண்டு நிமிடமும் ஓடி, பன்னிரண்டு வினாடி மீதி இருக்கும்போதுதான் குரல் வந்தது.

“நான்தாம்மா. ஒண்ணு, எட்டு…”

“நான்தாம்மா. ஆறு, ஆறு…”

“நம்பாதம்மா. நான்தாம்மா…”

ஒரே குரல். ஒரே அழுகை. அவள் பெற்ற பெண்ணின் குரல், தரையிலிருந்து கூரை வரை, முப்பத்தொன்பது வாய்களிலிருந்து.