தொட்டியில் ஏறிய கடல்

கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஒரு விரல்கடை ஏறியிருந்தது.

கடல்நீர்த் தொட்டியில் நீர் குறையுமே தவிர ஏறாது. உப்பு தங்கிவிடும், தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும். அதனால் மாலைதோறும் நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்டுவாள் அஜ்மத் பேகம். கற்றுக்கொடுத்தவன் கணவன் சாகில். சரக்குக் கப்பலில் வேலை. கடலே இல்லாத மலையடிவார ஊரான வேங்கிக்காலில், வீட்டுக் கூடத்தில் பாறையடுக்கி, உப்புக் கரைத்து, மாதக்கணக்கில் பக்குவப்படுத்தி, இரண்டு கோமாளி மீன்களையும் ஒரு கொத்துப் பவளத்தையும் விட்டு, "நான் வர்ற வரைக்கும் இந்தக் கடலைப் பாத்துக்க" என்று சொல்லிப் போயிருந்தான்.

இன்று அவள் இன்னும் ஊற்றவேயில்லை.

அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஓய்ந்த சமயம் மின்சாரம் போயிற்று. அலையடிக்கும் மோட்டார் நின்றது, குமிழிகளின் சளசளப்பு அடங்கியது, ஜன்னலுக்கு வெளியே மலை கருத்துக்கொண்டு வந்தது, எங்கோ ஆழத்தில் கிடந்த இரும்பின் குளிர்ந்த வாடை கூடமெங்கும் பரவியது. மோட்டார் நின்றும் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் மெல்ல உயர்ந்து, பிறகு வலப்பக்கம் உயர்ந்து, கப்பல் தளத்தைப் போல. மீன்கள் மூலையில் ஒட்டிக்கொண்டு பாறைப் பொந்தையே பார்த்தன.

கைபேசி அடித்தது. சாகில்.

"அஜ்மத், தண்ணி எவ்ளோ இருக்குது?"

"ஜாஸ்தியாயிருக்குதுங்க. நான் ஊத்தவே இல்ல. கரண்ட்டும் போயிட்டுது. பயமா இருக்குது."

"கம்மி பண்ணிடாத." அவன் குரலுக்குப் பின்னால் காற்றில்லை. இயந்திர இரைச்சலில்லை. "இன்னும் கொஞ்சம் ஏறட்டும். வந்துட்டேன்."

"எங்க வந்துட்டீங்க?"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. உடனே மறுபடி அடித்தது. சென்னையில் கப்பல் கம்பெனி அலுவலகத்திலிருந்து மூர்த்தி என்பவர்.

"மேடம், நேத்து புயல்ல சாகில் கடல்ல விழுந்துட்டாரு. தேடிட்டுதான் இருக்கோம். இன்னும் கிடைக்கலைங்க."

"இல்லைங்க. இப்பதான் எங்கிட்ட பேசுனாரு..."

தண்ணீர் விளிம்பைத் தாண்டியது. வழியவில்லை. கண்ணாடிக்கு மேலே, தாங்க எதுவுமில்லாமல், சுவர்போல எழுந்து நின்றது.

"என்னங்க," என்றாள். அழுகையா அழைப்பா, அவளுக்கே தெரியவில்லை.

பொந்திலிருந்து ஒரு விரல். நான்கு. ஊறி வெளுத்தவை. பாறையைப் பற்றின.

பின் நெற்றி.

கண்கள்.

இரண்டடித் தொட்டிக்குள்ளிருந்து முழு ஆளாக நிமிர்ந்தான் சாகில். நிற்கும் நீருக்குள் நின்றபடியே, அவளை அணைத்துக்கொள்ள இரண்டு கைகளையும் விரித்தான்.