வாளுக்கு வார்த்த நீர்

பங்குனி பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. மேற்கே பொதிகையின் சிகரங்கள் அந்திச் செவ்வொளியில் மூழ்கி ஒவ்வொன்றாய் நிறம் மாறிக்கொண்டிருந்தன. அந்த மலையடிவாரத்தில் புறப்பட்டு, வயல்களையும் வாய்க்கால்களையும் பின்னால் விட்டுவிட்டு, வடகிழக்கே கரிசல் நாட்டுக்குள் நுழைந்த ஒரு பரிவாரம் கண்மாய்க் கரையொன்றில் அன்றைய பயணத்தை முடித்துக்கொண்டு இறங்கியது. கண்மாயின் நடுவே பாய் விரித்த அளவுக்குக் கலங்கல் நீர் கிடந்தது. சுற்றிலும் சேறு காய்ந்து வெடித்து, அதன் விளிம்புகள் ஓடுகளைப் போலச் சுருண்டிருந்தன. இனி மீன் இல்லை என்று தெரிந்தும் பறந்துபோக மனமில்லாத கொக்குகள் நீரையே பார்த்தபடி நின்றன.

பரிவாரத்தில் இரண்டு பல்லக்குகள் இருந்தன. முதல் பல்லக்கில் சாரற்குடிப் பாளையக்காரரின் மகள் உலகம்மை நாச்சியார் இருந்தாள். இரண்டாவது பல்லக்கில் அவளுடைய கணவர்.

அன்பர்களே, அந்த இரண்டாவது பல்லக்கின் திரையை விலக்கியிருந்தால் திகைத்துப்போயிருப்பீர்கள். பட்டு மெத்தையில் ஒரு வாள்தான் சாய்ந்திருந்தது. வைப்பாற்றுக்கு அக்கரையில் முள்ளிக்கோட்டையை ஆண்டுவந்த வரகுணமாறர், பகைவர் படை கோட்டையின் வடக்கு வாயிலுக்கு எதிரே பாசறை அடித்திருந்ததால் மணவறைக்கு வர இயலாமல் தம் வாளை அனுப்பிவைத்திருந்தார். அந்த வாளின் அருகே மணையில் அமர்ந்துதான் உலகம்மை தாலி ஏற்றாள். சீதனமாக நூறு வேல்வீரர்களை அவள் தந்தை உடன் அனுப்பினார். அந்த நூறு வேல்களைத்தான் முள்ளிக்கோட்டை நம்பியிருந்தது. அவளோ ஒன்றை மட்டுமே நம்பிப் பயணம் செய்தாள். போய்ச் சேர்ந்ததும், கணவரின் முகத்தைப் பார்க்கலாம்.

கோட்டையிலிருந்து வாளைக் கொண்டுவந்து உடனிருந்து காத்துவந்தவன் கொம்பையா. கோட்டை வழக்கப்படி, தன் மூச்சு வாளின்மேல் படாதிருக்க, மூக்கையும் வாயையும் வெள்ளைத் துணியால் கட்டியிருந்தான். கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தி சாயும்போதெல்லாம் அவன் வாளை உறையிலிருந்து எடுத்து, பீடத்தின் மேல் முனை கீழாக நிறுத்திப் பிடிப்பான். உலகம்மை வெள்ளிக் கிண்டியிலிருந்து ஒரு கை நீரை வாளின் அடியில் வார்ப்பாள். அது வீடு திரும்பிய கணவரின் கால் கழுவும் முறை. பிறகு கொம்பையா வாளைத் துடைத்து, எண்ணெய் பூசி உறையிலிடுவான்.

அன்றும் அவள் நீர் வார்த்தாள். மண்ணில் விழுந்த நீர் கண்ணெதிரே மறைந்தது. பல்லக்குத் தூக்கிகளின் தலைவன் இசக்கி, தோள் காய்ப்பைத் தடவிக்கொண்டே தன் ஆட்களிடம் சொன்னது திரைக்குள்ளும் கேட்டது.

"ஏலே, வாழ்ந்தா இந்த மாப்ள மாதிரி வாழணும். காலு இல்ல, ஆனா பல்லக்கு. வாயி இல்ல, ஆனா மொத தண்ணி அவருக்குத்தான்."

"மெல்லப் பேசுண்ணே. நாச்சியாருக்குக் கேக்கப் போவுது."

"கேட்டா என்னலே? அவுகளும் பாவம், பேசாத மாப்ளையோட எத்தன நாளு ஓட்டுவாக?"

உலகம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "கொம்பையா! நேற்று உங்கள் தலைவரின் மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். முகத்தின் நடுவில் இருக்கும் என்றாய். இன்று கண்களைப் பற்றிச் சொல்" என்றாள்.

"இரண்டு, நாச்சியார்."

"வாள் தூக்குகிறவனுக்கு வாய்க்கொழுப்பு இவ்வளவா?"

"வாயைத்தான் கட்டியிருக்கிறேனே, நாச்சியார்! அவர் முகத்தை வருணிக்க எனக்குத் தெரியாது. ஆற்றைக் கடந்ததும் தாங்களே காணப்போகிறீர்கள்."

அப்போது கிழக்கிலிருந்து புழுதிக்குள் ஓர் ஓட்டக்காரன் வந்தான். முள்ளிக்கோட்டையிலிருந்து வந்தவன். அவன் கொம்பையாவைக் கரைக்கு அப்பால் அழைத்துப்போனான். இருவரும் நின்ற இடத்தில் அந்தி வெளிச்சம் மட்டும் இருந்தது. திரும்பி வந்ததும் ஓட்டக்காரன் உலகம்மையின் மாமன் குற்றாலிங்கனாரை வணங்கி, "கோட்டையில் எல்லாரும் நலம். விரைந்து வரவேண்டும் என்று பெரியவர்கள் வேண்டுகிறார்கள்" என்றான். அவனுக்கு மோர் கொடுத்தார்கள். அதைக் குடிக்காமலே போய்விட்டான்.

மறுநாள் அந்தியில் உலகம்மை கிண்டியுடன் வந்தபோது வாள் உறையிலேயே கிடந்தது.

"இன்று முதல் வாளுக்கு நீர் வேண்டாம், நாச்சியார்" என்றான் கொம்பையா.

குற்றாலிங்கனார் புருவத்தை உயர்த்தினார். "ஏன்? இது உங்கள் கோட்டை வழக்கமாயிற்றே?"

"வழியில் நீர்நிலைகள் வற்றிவிட்டன, ஐயா. ஆட்கள் குடிக்கட்டும்."

தூக்கிகளிடையே மகிழ்ச்சி ஆரவாரம் எழுந்தது. "மாப்ளைக்கு இப்பத்தாம்லே மனசு எளகியிருக்கு!" என்றான் இசக்கி. உலகம்மைக்கும் நெஞ்சு குளிர்ந்தது. தன் கணவரின் நாட்டில் ஒரு வாளுக்குக்கூட இரக்கம் உண்டு என்று எண்ணினாள். வாளின் பங்கைத் தன் கையாலேயே இசக்கியின் உள்ளங்கையில் ஊற்றினாள்.

"நேற்றைய கேள்வியை மறக்கவில்லை. கண்கள்?"

இம்முறை கொம்பையா கேலி செய்யவில்லை. "சிரிக்கும்போது அவருக்குக் கண்கள்தான் முதலில் சிரிக்கும், நாச்சியார். வாய் அதற்குப் பிறகுதான்" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் அடுத்த நாட்களைக் கடந்தாள்.

கடப்பதற்கு வேறெதுவும் உதவவில்லை. சாரற்குடியில் உறக்கத்திலும் நீர் விழும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். கோடை என்றால் அருவி மெலிவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். இங்கே காலையிலேயே கானல் எழுந்து, எதிரே வரும் மாட்டுவண்டி தலைகீழாய் மிதந்தது. பருத்திச் செடிகளில் வெற்று ஓடுகள் காற்றில் கலகலத்தன. முள் நிறைந்த உடைமரங்களின் கீழே ஆடுகள் ஒன்றன் வயிற்றடியில் மற்றொன்று தலையை நுழைத்து நிழல் தேடின. மாடுகளை மலைப்பக்கம் ஓட்டிச் சென்ற இடையர்கள் நின்று, பரிவாரத்தை வேடிக்கை பார்த்தார்கள்.

"எங்க போறீக, ஐயா?"

"வைப்பாற்றுக்கு."

"நாட்டுல எல்லாரும் மேக்க போறோம். நீங்க மட்டும் கெழக்கயா?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார்கள்.

ஒரு சிற்றூரில் கிணற்றைச் சுற்றி ஆண்கள் கம்புகளுடன் நின்றனர். கம்புகளை ஓங்கவில்லை. கைகூப்பினார்கள். "பிள்ளைகளுக்கே காணாது, தாயி. மன்னிக்கணும்." நூறு வேல்களும் அவள் வார்த்தைக்காகக் காத்திருந்தன. உலகம்மை கிணற்றோரம் நின்ற குழந்தைகளின் வெடித்த உதடுகளைப் பார்த்தாள். "போகலாம், மாமா" என்றாள். அதைத் தவிர அவளால் வேறென்ன செய்ய முடியும்?

அன்று பிற்பகல் இசக்கி விழுந்தான். பல்லக்கை முதலில் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் விழுந்தான். உலகம்மை இறங்கி ஓடிவந்து தன் முந்தானையால் அவனுக்கு நிழல் பிடித்தாள். அவன் உடம்பு கொதித்தது. வியர்வை நின்றுபோயிருந்தது. மீதமிருந்த நீரை வாயில் விட்டபோது கடைவாயில் வழிந்தது.

"நீங்க நடக்காதீக, தாயி. காலு சுடும்" என்றான். பிறகு, "புது மாப்ளையோட பங்கையே குடிச்சிருக்கேன். எனக்கு என்ன கொறை?" என்று சிரிக்கப் பார்த்தான். வெயில் தாழுமுன் உயிர் போயிற்று. உடைமர நிழலில் புதைத்தார்கள். அதன்பின் யார் சொல்லியும் கேளாமல் உலகம்மை நடந்தே வந்தாள்.

வாள் இருந்த பல்லக்கில் திரை விலகியே கிடந்தது. உறையின்மேல் புழுதி படிந்தது. கைப்பிடியில் பதித்த கற்கள் மங்கின. கொம்பையா அதைத் துடைக்கவில்லை. அவனும் களைத்திருக்கிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

முழுநிலா எழுந்த அந்தியில் அவர்கள் வைப்பாற்றை அடைந்தார்கள்.

ஆற்றில் நீர் இல்லை. ஒரு கரையிலிருந்து மறுகரை வரை வெண்மணல் நிலவொளியை வாங்கிக்கொண்டு, பாலோடுவது போலக் கிடந்தது. அக்கரையில் முள்ளிக்கோட்டையின் மதில் கறுத்து உயர்ந்திருந்தது. ஆற்றின் நடுவே ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் சுரண்டிச் சுரண்டிப் பெண்கள் சிலர் குடங்களில் நீர் மொண்டுகொண்டிருந்தனர். பல்லக்குகளைக் கண்டதும் குலவையிட்டபடி எழுந்து ஓடிவந்தார்கள்.

"வந்துட்டாக! வேலு வேலா வருது பாருங்கடி!"

"ராசாவுக்கு ஏத்த ராசாத்திதான்! என்ன தாயி, கால் நடையாவா வாறீக?"

முன்னால் வந்தவள் வாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள இரண்டாவது பல்லக்குக்குள் கையை நீட்டினாள். நீட்டிய கை நின்றது. விரலில் ஒட்டிய புழுதியை நிலவில் பிடித்துப் பார்த்தாள். கொம்பையாவைப் பார்த்தாள். அவன் தலைகுனிந்து நின்றான்.

அவள் இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி, அரை நாள் சுரந்த அந்த நீர் முழுவதையும் மணலில் கொட்டிக் குடத்தைக் கவிழ்த்தாள். அதைக் கண்டு மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குடங்களைக் கவிழ்த்தார்கள். குலவையிட்ட வாய்கள் ஓலமிட்டன.

"இவர்கள் ஏன் அழுகிறார்கள்?" என்று கேட்டாள் உலகம்மை. "கொம்பையா, நீரை ஏன் கொட்டுகிறார்கள்?"

கொம்பையா மணலில் மண்டியிட்டான். "எங்கள் கோட்டையில், நாச்சியார்... உயிரோடிருக்கிறவரின் வாளுக்கு மட்டுமே நீர் வார்ப்போம்."

சற்று நேரம் அவளுக்கு எதுவும் புரியவில்லை. பிறகு கண்மாய்க் கரையும், மோரைக் குடிக்காமல் போன ஓட்டக்காரனும், இசக்கியின் உள்ளங்கையும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

குற்றாலிங்கனாரின் வாள் உறையைவிட்டு வெளிவந்தது. "துரோகி! இறந்தவனுக்கு வாழ்க்கைப்பட என் மருமகளை இவ்வளவு தூரம் நடத்தி வந்தாயா?"

"மதிலின்மேல் நின்றபோது அம்பு பட்டது, ஐயா. அவர் இறந்தது தெரிந்தால் தாங்கள் வேல்வீரர்களுடன் திரும்பிவிடுவீர்கள் என்று பெரியவர்கள் அஞ்சினார்கள். வாய் திறக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. திறக்கவில்லை. ஆனால் அவர் வாளிடம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் நீர் வேண்டாம் என்றேன்."

குற்றாலிங்கனார் உலகம்மையின் கையைப் பற்றினார். "இன்னும் ஆற்றைக் கடக்கவில்லை, அம்மா. அக்கரை மிதித்தால்தான் நீ அவர்கள் வீட்டுப் பெண். வா, திரும்பிவிடுவோம்."

பெண்கள் அழுகையை நிறுத்தியிருந்தார்கள். முதலில் குடத்தைக் கவிழ்த்தவள் வேல்களைப் பார்த்தாள், கோட்டையைப் பார்த்தாள். "போயிராதீக, தாயி" என்று அவள் சொல்லவில்லை. "உள்ள எம் பிள்ளைக ரெண்டு இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

உலகம்மை கிண்டியைத் தேடி எடுத்தாள். ஊற்றருகே உட்கார்ந்தாள். எல்லாரும் கொட்டிவிட்ட நீர் மணலுக்குள் எங்கோ போயிருந்தது. புதிதாய் ஊறுவதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தாள். ஒரு கை நீர் ஊறியதும் மொண்டு வந்தாள்.

"கொம்பையா, வாளை எடு."

"நாச்சியார், வேண்டாம். இது வழக்கமில்லை."

"உயிரோடிருக்கிறவரின் வாளுக்குத்தானே நீர் வார்ப்பீர்கள்? வார்க்கும் உரிமை மனைவியின் கைக்குத்தானே? நிறுத்திப் பிடி."

அவன் பிடித்தான். அவள் நீர் வார்த்தாள். புழுதி கரைந்து சேறாய் வழிந்தது.

"இந்தக் கையில் உயிர் உள்ளவரை இந்த வாள் ஓர் அந்தியும் நனையாமல் இருக்காது. இது என் சபதம். மாமா, என் கணவர் இதோ நிற்கிறார். அவர் நிற்கும்போது என்னைத் திருப்பி அழைத்துப்போக உங்களுக்கு உரிமையில்லை."

குற்றாலிங்கனார் தம் வாளை உறையில் போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு கைகாட்டினார். நூறு வேல்களும் மணலில் இறங்கின.

அந்த வேல்களால் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதை விரித்துச் சொல்லும் திராணி இல்லை. வேல்கள் பகைவரை மதிலேற விடவில்லை. ஆனால் அந்தக் கோடையில் கோட்டைக் கிணறு வற்றியது. ஆற்று ஊற்றுக்குப் போகும் வழியைப் பகைவர் மறித்துக்கொண்டார்கள். நூறு வேல்களும் சேர்ந்து ஒரு குடம் நீரைக் கொண்டுவர முடியாமல் போயிற்று. இரவுதோறும் மறைந்து ஊற்றுக்குப் போன கொம்பையா மட்டும், இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு வாளுக்கும் போதுமான நீரைச் சில நாட்கள் கொண்டுவந்தான். ஒருநாள் அவனும் திரும்பவில்லை. எல்லாம் முடிந்தபின் மழை வந்தது.

ஆனால் அன்று அந்தியில், ஆற்றைக் கடக்குமுன், உலகம்மை ஒரு கணம் நின்றாள்.

"உடலை எரித்துவிட்டார்களா?"

"அன்றே, நாச்சியார்."

"அப்படியானால் அந்த முகத்தை நான் ஒருபோதும் பார்க்கப்போவதில்லை."

கொம்பையா வாளை மாமனின் கையில் கொடுத்துவிட்டு, தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் வாய்க்கட்டை அவிழ்த்தான்.

"என் தாய் அரண்மனையில் பணிப்பெண்ணாக இருந்தாள். எனக்கும் அவருக்கும் தந்தை ஒருவரே. ஒரே ஆண்டில் பிறந்தோம். பட்டாடையைப் பார்த்துத்தான் எங்கள் இருவரில் தலைவர் யார் என்று எல்லாரும் அடையாளம் காண்பார்கள்." நிலவு முகத்தில் படும்படி நிமிர்ந்தான். "நெற்றியில் இந்தத் தழும்பு அவருக்கு இல்லை. அவருக்கு நிறம் கொஞ்சம் கூடுதல். மற்றபடி... பார்த்துக்கொள்ளுங்கள், நாச்சியார்."

பார்த்தாள். பெண்களும் வீரர்களும் ஆற்றைக் கடந்து போய்க்கொண்டிருக்க, அவள் நின்று பார்த்தாள்.

"கண்கள் முதலில் சிரிக்கும் என்றீர்களே" என்று கேட்டாள். "ஒருமுறை சிரிக்க முடியுமா?"

அவர் முயன்றார். உதடுகள் அசைந்தன. கண்களில்தான் அது வரவில்லை. அவை நிரம்பி வழிந்தன. அந்த ஆற்றில் அன்று நான் ஓடக் கண்ட நீர் அதுதான்.

அந்தி சாய்கிறது. சபதப்படி நான் கிண்டியை எடுக்க வேண்டும்.