டி.வி.க்குள் அப்பா

படத்தில் கதாநாயகி அழத் தொடங்கினாள். டி.வி.யில் கரகரவென்று ஞானகுமாரியின் அப்பா பேசினார்.

"ஹலோ, ஹலோ... யாராவது இருக்கீங்களா?"

"கீறோம்யா, கீறோம்! இருபது பேர் ஒக்காந்துகினு கீறோம்!" என்று டி.வி.யைப் பார்த்துக் கத்தினாள் வேம்புலியம்மாள்.

கோவில்பதாகை ஊரில் அந்தத் தெருவுக்கே அவள் வீட்டில் மட்டும்தான் டி.வி. ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான்.

"குமாரி, உங்கப்பாகிட்ட சொல்லிடு. அடுத்த வாரமும் அவர் குரல் வந்துச்சுன்னா, ஒருத்தருக்கும் என் ஊட்ல படம் கெடையாது."

இருபது பேரும் ஞானகுமாரியை முறைத்தார்கள்.

அவள் அப்பா இக்னேஷியஸ் அமெச்சூர் ரேடியோக்காரர். தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர். மொட்டை மாடியில் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே கம்பி கட்டி, அதன் வழியே ரேடியோவில் முகம் தெரியாதவர்களோடு பேசுவார். கம்பியின் நடுவிலிருந்து ஒரு கறுப்பு கேபிள் சுவரோரமாக இறங்கி அவர் அறைக்கு வரும்.

"கம்பி மட்டும்தான் பேசணும். கேபிளோட வெளிப்பக்கமும் சேர்ந்து பேசுது. அதான் கோளாறு," என்றார் அப்பா. "கேபிளைச் சுருளாச் சுத்தி வெச்சா அது நின்னுடும். புத்தகத்துல போட்டிருக்கு."

மேசைக்குக் கீழே ஏழு சுற்றுச் சுற்றிக் கட்டினார். மைக்கில் பேசினார். ஞானகுமாரி பக்கத்திலிருந்த வேம்புலியம்மாள் வீட்டுக்கு ஓடினாள். டி.வி.யில் குரல் வந்தது.

எட்டுச் சுற்று. ஓடினாள். வந்தது. மறுநாள் பத்துச் சுற்று. ஓடினாள். வந்தது.

"இன்னா குமாரி, உங்கப்பாவுக்கு வேற வேலையே இல்லியா?"

சனிக்கிழமை, ஆறாவது ஓட்டம். மூச்சு வாங்க நின்றவள் மேலே பார்த்தாள். கேபிள் இறங்கும் வழியிலேயே, கை எட்டும் தூரத்தில், வேம்புலியம்மாளின் டி.வி. ஆண்டெனா இருந்தது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தாள்.

"அப்பா, படத்துல சுருள் மேல இருக்கு. கம்பிக்குப் பக்கத்துல."

"சுருள் சுருள்தானே! மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன? மூங்கிலை யாரு இறக்கி ஏத்துறது?"

ஞானகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"திருடன் மாடியிலேருந்து இறங்குறான். நீங்க மேசைக்குக் கீழ ஒளிஞ்சிருந்து பிடிக்கிறீங்க. வர்ற வழியிலேயே வேம்புலி அத்தை வீட்டுல அவன் வேலையை முடிச்சிட்டான்!"

அப்பா ஏணியை எடுக்கப் போனார்.

ஞாயிறு மதியம் மூங்கில்களை இறக்கினார்கள். மேசைக்குக் கீழிருந்த சுருளைப் பிரித்து, கேபிளை மேலே இழுத்தார்கள். கம்பிக்குச் சற்றுக் கீழே ஞானகுமாரி எட்டுச் சுற்றுச் சுற்றினாள். அப்பா டேப் ஒட்டினார். மறுபடி ஏற்றும்போது வெயில் மண்டையைப் பிளந்தது.

"நீ போய்ப் படம் பாரு. நான் நிறுத்தாம பேசுறேன்," என்றார் அப்பா.

படம் தொடங்கியது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வேம்புலியம்மாள் கதவருகிலேயே நின்றாள். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு கரகரப்பும் இல்லை. அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது தடதடவென்று யாரோ ஓடி வந்தார்கள். டி.வி.க்கு நேர் முன்னால் வந்து நின்றார் அப்பா.

"வருதா? என் குரல் வருதா?"

"தள்ளுங்க! தள்ளுங்க!" என்று பிள்ளைகள் கூவினார்கள்.

"குரல் போச்சுன்னு பார்த்தா, ஆளே வந்துகீறாரு! மறைக்காம ஒக்காரு அண்ணாத்தே!"

ஞானகுமாரி அப்பாவின் லுங்கியைப் பிடித்து இழுத்து, தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.